பக்கத்தில் நிற்பவர் பேச வேண்டும்

(பட்டிமன்றத் தலைப்பு: நோயாளியைப் பெரிதும் காப்பது மருத்துவரின் கைத்திறமா? கூடியிருப்போரின் வாய்ச்சொல்லா? 'கூடியிருப்போரின் வாய்ச்சொல்லே' என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னாலே பேசிய பேராசிரியர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். "வாய்ச்சொல் வாய்ச்சொல்னு பேசுறீங்களே, நாளைக்கு உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா, நல்லா ஆபரேஷன் பண்ற டாக்டர்கிட்டே போவீங்களா, நல்லாப் பேசுற டாக்டர்கிட்டே போவீங்களா?" என்று கேட்டார். நீங்களும் பலமாகக் கை தட்டினீர்கள். எனக்கு நெஞ்சு வலி வருவதிலே உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்! (சிரிப்பு)

பதில் சொல்லிவிடுகிறேன், நடுவர் அவர்களே. நல்லா ஆபரேஷன் பண்ற டாக்டர்கிட்டேதான் போவேன். சந்தேகமே இல்லை. ஆனால் போவதற்கு முன்னாலே ஒரு விஷயம் விசாரிப்பேன். என்ன விசாரிப்பேன் என்பதைக் கடைசியிலே சொல்கிறேன். இப்பவே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். (சிரிப்பு)

கைத்திறம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. கத்தி பிடிக்கத் தெரியாதவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று நல்ல தமிழிலே பேசினாலும் நோயாளி பிழைக்க மாட்டார். எங்கள் கேள்வி வேறே. கைத்திறம் உள்ளவருக்கும் தவறு வருமா, வராதா? வரும். மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் வரும். அப்படி வருகிற அந்த ஒரு நிமிஷத்திலே நோயாளியை யார் காப்பாற்றுவது? தவறு செய்கிற அந்தக் கையா? இல்லை, பக்கத்திலே நின்று, "ஐயா, கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்கிற வாயா? இதுதானே கேள்வி!

வள்ளுவர் பெருமான் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். தொண்ணூற்றைந்தாவது அதிகாரம். அதன் கடைசிக் குறளிலே, மருத்துவம் என்பது நான்கு கூறு என்று சொல்லி முடிக்கிறார். நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, பக்கத்திலிருந்து பணி செய்கிறவர் ஒருவர். மருத்துவரே எல்லாம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. நாலிலே ஒன்று என்கிறார். அந்த நாலாவது ஆளைச் சொல்லும்போது, 'உழை' என்ற சொல்லைப் போட்டார். உழை என்றால் பக்கம், அருகு. நான் தமிழ் வாத்தியார், ஒரு சொல்லைப் பிடித்தால் விடமாட்டேன். இந்த 'உழை' வேறே எங்கே வருகிறது என்று தேடினேன். அமைச்சு அதிகாரத்திலே வருகிறது. சொன்ன அறிவையும் தள்ளிவிட்டு, தானாகவும் அறியாத அரசனாக இருந்தாலும், அவன் 'உழை'யிலே இருக்கிற அமைச்சன் நல்லதை எடுத்துச் சொல்வது கடமை என்கிறார்.

பாருங்கள்! அரசன் பக்கத்திலே இருக்கிற அமைச்சனுக்கும் அதே சொல். நோயாளி பக்கத்திலே இருக்கிற பணியாளருக்கும் அதே சொல். பக்கத்திலே இருப்பது என்றால் சும்மா நிற்பது இல்லை ஐயா. கண்டதைச் சொல்வது! (கைதட்டல்)

சரி, சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? நடந்த கதை ஒன்று சொல்கிறேன். 2005-ஆம் ஆண்டு, இங்கிலாந்து. முப்பத்தேழு வயதுப் பெண்மணி, இரண்டு சின்னக் குழந்தைகளுக்குத் தாய். சைனஸ் தொல்லைக்காக ஒரு சாதாரண ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்தார்கள். கொடுத்தவுடனே மூச்சுப் பாதை அடைத்துக்கொண்டது. வாய் வழியாகக் குழாய் செலுத்திப் பார்க்கிறார்கள், போகவில்லை. மறுபடி பார்க்கிறார்கள், போகவில்லை. இரத்தத்திலே பிராணவாயு இறங்கிக்கொண்டே போகிறது. அறையிலே மூன்று பெரிய டாக்டர்கள். மூவருமே நல்ல அனுபவசாலிகள். எதிரணி கேட்கிற கைத்திறம் மூன்று மடங்கு இருக்கிறது!

இப்படி நேரத்திலே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கழுத்திலே சின்னதாகத் திறந்து, நேராக மூச்சுக் குழாய்க்கு வழி செய்வது. ஒரு சிஸ்டர் அதற்கான கருவித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தயாரா இருக்கு" என்று சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு சிஸ்டர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பேசி, படுக்கை ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொன்னார். டாக்டர்கள் அவரைப் பார்த்த பார்வை, 'எதுக்கும்மா இவ்வளவு பதட்டம்?' என்பது போல அவருக்குப் பட்டது. அந்தப் பெண் போய், படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்டர்கள் குழாயைச் செலுத்துகிற முயற்சியிலேயே இருந்தார்கள். அந்தத் தாய்க்கு மறுபடி நினைவு திரும்பவே இல்லை. பதின்மூன்று நாள் கழித்து உயிர் போனது.

அந்த மூவரும் கெட்டவர்களா? இல்லை. சோம்பேறிகளா? இல்லவே இல்லை. உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். ஆனால் ஒரே வேலையிலே மூழ்கும்போது மனிதனுக்கு நேரம் போவது தெரியாது. பக்கத்திலே நின்றவர்களுக்குத் தெரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. எப்படி எடுத்துச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. பிறகு நடந்த விசாரணையிலே வெளிவந்த செய்தி இது.

அந்தப் பெண்மணியின் கணவர் மார்ட்டின் பிரோமிலி. என்ன தொழில் தெரியுமா? விமானி! அவர் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. "என்ன நடந்தது என்று ஆராயுங்கள், அடுத்தவர் வீட்டிலே இது நடக்கக்கூடாது" என்ற நோக்கத்தோடு நின்றார். 2007-லே அதற்காக ஓர் அமைப்பையே தொடங்கினார். ஏன் அப்படி நினைத்தார்? விமானிகள் இந்தப் பாடத்தை முன்னாலேயே படித்துவிட்டார்கள். அவர்கள் கட்டிய கட்டணம் 583 உயிர்!

1977 மார்ச் 27. டெனரிஃப் தீவு. பனிமூட்டம். இரண்டு ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையிலே. ஒரு விமானத்தை ஓட்டியவர் அந்த நிறுவனத்தின் மிக மூத்த கேப்டன், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர், நிறுவனத்தின் விளம்பரத்திலேயே அவர் படம்தான் வந்தது. விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. பின்னாலே உட்கார்ந்திருந்த பொறியாளருக்கு ஒரு சந்தேகம். "அந்த இன்னொரு விமானம் இன்னும் விலகலையோ?" என்று கேட்கிறார். கேப்டன் அழுத்தமாக, "விலகிடுச்சே" என்கிறார். அவ்வளவுதான். பொறியாளர் மறுபடி பேசவில்லை. சில விநாடிகளிலே மோதல். விமான வரலாற்றிலேயே இத்தனை உயிர் போன விபத்து வேறே இல்லை.

சந்தேகம் சரியான சந்தேகம். கேட்டதும் சரியான நேரம். ஆனால் எப்படிக் கேட்டார்? 'விலகலையோ?' அந்த ஓகாரம் இருக்கிறதே, அது ஐயத்தைக் காட்டுகிற ஓகாரம்! பெரியவர் மனம் நோகாமல் கேட்கிற ஓகாரம்! இலக்கணத்திலே அதற்கு இடம் உண்டு. ஓடுபாதையிலே இல்லை. "நிறுத்துங்க!" என்று சொல்லியிருக்க வேண்டும். (கைதட்டல்)

வெளிநாட்டுக் கதையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம்முடைய மதுரைக்கு வருவோம். சிலப்பதிகாரம், கொலைக்களக் காதை. கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள் அவனைப் பார்த்தார்கள். பார்த்தவுடனே என்ன சொன்னார்கள்? "இவனைப் பார்த்தால் கொலைத் தண்டனைக்கு உரியவன் மாதிரி தெரியலையே" என்று சொன்னார்கள். நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டது! வாயும் திறந்துவிட்டது! ஆனால் யாரிடம் சொன்னார்கள்? பொற்கொல்லனிடம் சொன்னார்கள். அவன் சிரித்துவிட்டு, களவு நூல் இலக்கணம் எல்லாம் எடுத்துவிட்டான். பெரிய படிப்பாளி பேசுவதைப் போலப் பேசினான். காவலர்கள் குழம்பி நிற்கும்போதே, ஒருவன் வாளை வீசிவிட்டான்.

அந்தக் காவலர்களிலே ஒருவன், ஒரே ஒருவன், "கொஞ்சம் பொறுங்க, நான் அரண்மனைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லியிருந்தால்? மதுரை எரிந்திருக்குமா? பாண்டியன் உயிர்தான் போயிருக்குமா? ஐயம் வந்தால் மட்டும் போதாது. ஐயத்தை முணுமுணுத்தாலும் போதாது. உரியவரிடம், உரத்த குரலிலே, வேலையை நிறுத்திச் சொல்ல வேண்டும். (பலத்த கைதட்டல்)

இப்போது எதிரணியிலே இருக்கிற சகோதரி கேட்டார்கள். "தெரிஞ்சவங்க சொல்ல வேண்டியதுதானே, யார் தடுத்தா?" என்று. யார் தடுத்தார்கள் என்று நான் சொல்கிறேன். நான் தடுத்தேன். நீங்கள் தடுத்தீர்கள். 'பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே' என்று சொல்லி வளர்த்தது யார்? நாம்தானே!

என் வகுப்பிலே நடந்தது. ஒரு நாள் கரும்பலகையிலே ஒரு நூலை எழுதி, அதற்குப் பக்கத்திலே ஆசிரியர் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். கவனப் பிசகு. அறுபது பிள்ளைகள். அறுபது பேரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். தேர்வுத் தாள் திருத்தும்போது பார்க்கிறேன், எல்லோரும் ஒரே தப்பு. கோபம் தாங்கவில்லை. 'எந்த முட்டாள் இதைச் சொல்லிக்கொடுத்தான்?' என்று கேட்டேன். (சிரிப்பு) வகுப்பு அமைதி. பிறகு ஒரு மாணவி தனியாக வந்தாள். "ஐயா, நீங்க போர்டுலே எழுதும்போதே எனக்குத் தப்புன்னு தெரியும். சொன்னாக் கோபப்படுவீங்களேன்னு விட்டுட்டேன்."

சரியான விடை தெரிந்த பிள்ளை, எனக்குப் பயந்து, தப்பான விடையை எழுதியிருக்கிறாள்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தப்பு இரண்டு மதிப்பெண்ணோடு போயிற்று. ஆபரேஷன் தியேட்டரிலே இந்த மௌனம் இருந்தால் எதோடு போகும்?

ஆகவே, 'சிஸ்டர் தைரியமாகப் பேச வேண்டும்' என்று சொல்லிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ளக் கூடாது. பேசுகிற வாய்க்குப் பலம் எங்கிருந்து வருகிறது? கேட்கிற காதிலிருந்து வருகிறது. இதற்கும் கணக்கு இருக்கிறது, நடுவர் அவர்களே.

அமெரிக்காவிலே பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை, 2001-ஆம் ஆண்டு. பீட்டர் பிரோனோவோஸ்ட் என்று ஒரு டாக்டர். தீவிர சிகிச்சைப் பிரிவிலே நோயாளியின் பெரிய இரத்தக் குழாய்க்குள்ளே ஒரு குழாய் போடுவார்கள். அதிலே கிருமி போய்விட்டால் ஆபத்து. அவர் என்ன செய்தார்? ஐந்தே ஐந்து வரி எழுதினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. நோயாளியின் தோலைக் கிருமிநாசினியாலே துடை. உடம்பு முழுக்கச் சுத்தத் துணி போர்த்து. முகமூடி, தொப்பி, அங்கி, கையுறை போட்டுக்கொள். குழாய் போட்ட இடத்தைச் சுத்தமாகக் கட்டு. எல்லாம் முதலாண்டு மாணவனுக்கே தெரிந்தது. 'டாக்டர்கள் இதைச் செய்கிறார்களா என்று ஒரு மாதம் பாருங்கள்' என்று சிஸ்டர்களிடம் சொன்னார். மூன்று நோயாளிகளிலே ஒருவருக்கு மேலே, ஏதாவது ஒன்றை விட்டுவிட்டார்கள்! தெரியாமல் இல்லை. அவசரம், மறதி.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய காரியம். நிர்வாகத்தோடு பேசி ஓர் அதிகாரம் வாங்கிக் கொடுத்தார். 'டாக்டர் ஒரு படியை விட்டால், சிஸ்டர் அவரை நிறுத்தலாம்.' அவ்வளவுதான். புது மருந்து இல்லை, புது மெஷின் இல்லை. குழாய் போட்ட பத்து நாளுக்குள் வருகிற தொற்று, நூற்றுக்கு 11 ஆக இருந்தது. ஓராண்டிலே பூஜ்யத்துக்கு வந்துவிட்டது! ஐந்து வரி எழுதின காகிதமா இதைச் செய்தது? அந்த ஐந்து வரியும் டாக்டர்களுக்கு ஏற்கனவே மனப்பாடம். அதைச் சொல்வதற்கு ஒரு வாய்க்குக் கிடைத்த உரிமை ஐயா செய்தது! (கைதட்டல்)

பிறகு உலக சுகாதார நிறுவனம் 2008-லே ஆபரேஷனுக்கென்று ஒரு பட்டியல் கொண்டுவந்தது. பத்தொன்பது கேள்விகள். மயக்கம் கொடுக்கும் முன்னே ஒரு நிறுத்தம், கத்தி வைக்கும் முன்னே ஒரு நிறுத்தம், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன்னே ஒரு நிறுத்தம். இந்த முயற்சிக்குத் தலைமை ஏற்றவர் அதுல் கவாண்டே, நம் இந்திய வம்சாவளியிலே வந்த அமெரிக்க டாக்டர். நம் புதுடெல்லி உட்பட உலகத்திலே எட்டு நகரங்களிலே செய்து பார்த்தார்கள். 2009 ஜனவரியிலே முடிவு வெளியானது. ஆயிரம் பேருக்கு 15 பேர் இறந்துகொண்டிருந்த இடத்திலே, 8 பேர் ஆனது. ஆபரேஷனுக்குப் பின் வருகிற பெரிய சிக்கல்கள் நூற்றுக்கு 11-லிருந்து 7 ஆனது.

அந்தப் பட்டியலிலே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வரி இருக்கிறது. கத்தி வைக்கும் முன்னே, அறையிலே இருக்கிற எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லிக்கொள்ள வேண்டும். இதிலே என்ன பெரிய வைத்தியம் என்று தோன்றும். இருக்கிறதே! கல்யாண வீட்டிலே பந்தியிலே உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து இலைக்காரர் யாரென்றே தெரியாது. அவர் இலையிலே பூச்சி விழுந்தால் சொல்லத் தயங்குகிறோம். 'எந்த ஊர் நீங்க?' என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டால், உரிமையோடு, "அண்ணே, சாப்பிடாதீங்க" என்று கையைப் பிடித்துவிடுவோம். ஒரு முறை வாய் திறந்தவருக்கு மறுமுறை திறப்பது சுலபம். அதற்குத்தான் அந்தப் பெயர் சொல்லுதல்.

எதிரணியிலே ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். அவர் எழுந்து கேட்பதற்கு முன்னாலே நானே சொல்லிவிடுகிறேன். கனடாவிலே ஒண்டாரியோ மாகாணத்திலே 101 மருத்துவமனைகளிலே இந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கினார்கள். 2014-லே ஆய்வு வெளிவந்தது. மரணத்திலே குறிப்பிடும்படியான குறைவு இல்லை! எல்லாரும் கட்டம் போட்டு டிக் அடித்துவிட்டோம் என்கிறார்கள், பலன் இல்லை. "பார்த்தீர்களா, உங்கள் கட்சி தோற்றது" என்பார் வழக்கறிஞர். இல்லை ஐயா, எனக்கு அது சாட்சி! காகிதம் காப்பாற்றாது என்றுதானே நானும் சொல்கிறேன்? வீட்டிலே பையன் படித்தேன் படித்தேன் என்று அட்டவணையிலே டிக் அடிப்பான், மதிப்பெண் வருமா? (சிரிப்பு) ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்டு, பதில் வாங்கிச் செய்தால்தான் அது பேச்சு. டிக் அடிப்பது பேச்சு இல்லை.

பேச்சு என்றால் எப்படி இருக்க வேண்டும்? நம் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கற்றுக்கொள்ளலாம். "துவரம் பருப்பு ரெண்டு கிலோ, உளுந்து ஒண்ணு" என்று போனிலே சொன்னால், அவர் உடனே, "துவரை ரெண்டு, உளுந்து ஒண்ணு, சரிதானா?" என்று திருப்பிச் சொல்கிறார். இரண்டு கிலோ பருப்புக்கு இவ்வளவு ஜாக்கிரதை! ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டாக்டர் போனிலே மருந்து அளவு சொல்கிறார். ஆங்கிலத்திலே ஃபிஃப்டீன், ஃபிஃப்டி, பதினைந்து, ஐம்பது. அரைத் தூக்கத்திலே கேட்டால் இரண்டும் ஒன்றுதான். "டாக்டர், ஒண்ணு அஞ்சு, பதினஞ்சுதானே?" என்று சிஸ்டர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவரும் எரிச்சல் படாமல், "ஆமாம்மா, பதினஞ்சு" என்று சொல்ல வேண்டும். ஒரே நிமிஷ வேலை.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். கடைசியாக ஒன்று. இதை நான் மேடையிலே இதுவரை சொன்னதில்லை. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னால் என் அம்மா கொல்லைப்புறத்திலே வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. எழுபத்தெட்டு வயசு. மருத்துவமனையிலே சேர்த்தோம். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்திலே பாதியை நிரப்பிவிட்டு, மீதியைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மாவுக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டு, முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கி, பிழைத்ததே பெரிய பாடு. இது எனக்கு நன்றாகத் தெரியும். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் நின்றேன்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னாலே எட்டுப் பேர். கட்டிலைப் பார்த்தார், கேஸ் ஷீட்டிலே எழுதினார், என்னைப் பார்த்தார். "சார், நீங்க பட்டிமன்றத்துலே பேசுறவர்தானே? எங்க வீட்டுலே எல்லாரும் உங்க ரசிகர்கள்!" என்றார். அவ்வளவுதான் ஐயா! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. (சிரிப்பு) சொல்ல வந்தது மறந்துவிட்டது. அவர் போன பிறகு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். 'இவ்வளவு பெரிய டாக்டர், அவருக்குத் தெரியாததா, போய் ஏன் தொந்தரவு பண்ணணும்' என்று உட்கார்ந்துவிட்டேன். பேசியே சோறு தின்கிறவன், பேச வேண்டிய இடத்திலே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயந்தரம் ஒரு சிஸ்டர் தட்டோடு வந்தார். வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். அம்மா வலி மருந்தின் அசதியிலே தூங்கிக்கொண்டிருந்தார்கள். "சார், பாட்டி பேரு சொல்லுங்க." சொன்னேன். "பாட்டிக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" அப்போதுதான் சொன்னேன், "எப்பவோ பென்சிலின் ஒத்துக்கலைம்மா." அந்தப் பெண் ஊசியைத் தட்டிலே வைத்துவிட்டார். "இது அந்த வகை மருந்துதான் சார். டாக்டரைக் கேட்காம நான் போட மாட்டேன்."

இதற்குப் பிறகு நான் சொன்னதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "அவர் பெரிய டாக்டர்மா. யோசிக்காமலா எழுதியிருப்பாரு? போட்டுடும்மா" என்று சொன்னேன். பெற்ற தாய்க்கு! அந்தப் பெண் கோபப்படவில்லை. "சார், நீங்க சொன்னாலும் போட மாட்டேன். கேட்டுட்டு வர்றேன்" என்று போனார். பெரிய டாக்டர் வேறு ஆபரேஷனிலே இருக்கிறார். அவர் வெளியே வரும்வரைக்கும் விடாமல் மூன்று தடவை போன் பண்ணினார். மருந்தை மாற்றி எழுதினார்கள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ். அதே டாக்டர், அதே எட்டுப் பேர். நான் பயந்துபோய் நிற்கிறேன், அந்தப் பெண்ணுக்குத் திட்டு விழுமோ என்று. டாக்டர் எல்லோருக்கும் முன்னாலே நின்று சொன்னார்: "நேத்து நான் எழுதினது தப்பு. இந்தப் பாட்டியைக் காப்பாத்தினது சிஸ்டர். எல்லாரும் இப்படிக் கேட்கணும். என்னையும் கேட்கணும்." சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்து, "தேங்க்ஸ்ம்மா" என்றார்.

நடுவர் அவர்களே! காதுக்குக் கசக்கிற சொல்லைப் பொறுத்துக்கொள்கிற அரசனின் குடைக்கீழே உலகம் தங்கும் என்றார் வள்ளுவர். அன்றைக்கு அந்த டாக்டரின் குடைக்கீழே என் தாய் தங்கினாள். கைத்திறம் உள்ள டாக்டர்தான். அடுத்த நாள் ஆபரேஷனை அற்புதமாகச் செய்தவரும் அவர்தான். ஆனால் அவர் கை என் தாயைத் தொடுவதற்கு என் தாய் உயிரோடு இருந்தாளே, அது அந்தச் சின்னப் பெண்ணின் வாய்ச்சொல்லாலே! (பலத்த கைதட்டல்)

வீட்டிலே இருக்கிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளுவர் சொன்ன நான்கு கூறிலே நோயாளியும் ஒன்று. நீங்களும் அந்தக் குழுவிலே சேர்த்திதான். ஒத்துக்காத மருந்தின் பெயரை ஒரு காகிதத்திலே எழுதிக் கொண்டுபோங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சிஸ்டர் இரண்டாம் தடவை பெயர் கேட்டால், "எத்தனை தடவைம்மா சொல்றது?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்பது உங்கள் உயிருக்காக.

முதலிலே ஒரு கேள்வியைப் பாக்கி வைத்தேன். நல்லா ஆபரேஷன் பண்ற டாக்டர்கிட்டே போவதற்கு முன்னால் என்ன விசாரிப்பேன் என்று. ஒன்றே ஒன்றுதான் விசாரிப்பேன். "அந்த டாக்டரை அவர் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்க முடியுமா? கேட்டால் அவர் என்ன செய்வார்?"

அதற்குக் கிடைக்கிற பதிலிலேதான் என் உயிர் இருக்கிறது. உங்கள் உயிரும் இருக்கிறது. ஆகவே, நோயாளியைப் பெரிதும் காப்பது கூடியிருப்போரின் வாய்ச்சொல்லே, அதைக் கேட்கிற பெரியவரின் காதே என்று தீர்ப்புத் தருமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.